வருகைத் தாள்

காலை ஐந்தே முக்காலுக்கு அன்செல்மோ எழுந்தான். காபி வடித்தான். சட்டையை இஸ்திரி போட்டான். வெண்ணெய் தடவிய ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, சான் ஹுவான் நகரின் நெரிசலில் காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். ஆறு வருடமாக அதே வேலை. அரசுக் குடியிருப்புகளின் பழைய கட்டடங்களைக் காலி செய்ய வைப்பது, புதிதாகக் கட்டி முடியும்வரை அங்கிருந்த மக்கள் சிதறாமல் பார்த்துக்கொள்வது. முதல் பாதி மட்டும்தான் ஒழுங்காக நடந்துவந்தது.

அன்று விசாரணை. லோமா செரேனா குடியிருப்பின் நூற்று நாற்பது குடும்பங்கள், திரும்பி வரும் உரிமையை விட்டுக்கொடுத்து வெளியேறச் சம்மதித்துவிட்டன என்று தான் எழுதிய கூட்டக் குறிப்பை அவன் வாசித்துப் பதிய வேண்டும். சான்று, குடியிருப்பில் நடந்த கூட்டத்தில் விழுந்த கையெழுத்துகள். அங்கே எந்தக் கூட்டமானாலும் வாசலில் வருகைத் தாள் இருக்கும். கையெழுத்துப் போட்டால் பன்றிக்கறியோடு ஒரு தட்டுச் சோறு. எல்லாரும் போடுவார்கள்.

"முகத்த ஏன்டா தொங்கப் போட்டிருக்க? பேர் இருக்கு, கையெழுத்து இருக்கு. வாசிச்சிட்டு இறங்கு" என்றார் மேலதிகாரி ஒர்லாந்தோ.

"அது சாப்பாட்டுத் தாள், சார்."

"சாப்பிட்டாங்கல்ல? அப்புறம் என்ன?"

அன்செல்மோ வாதாடவில்லை. மனைவி இறந்ததிலிருந்து ஏழு மாதமாக அவன் எதற்கும் வாதாடியதில்லை. மருத்துவமனையில் நீட்டிய தாள்களிலும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டான். எதற்குச் சம்மதித்தோம் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

விசாரணைக் கூடத்தின் முன்வரிசையில் குடியிருப்போர் தலைவி இராய்தா, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்டைவீட்டுச் சாகோ.

"வர்றான் பாரு, நம்மளக் கேக்காமலே நம்மள சம்மதிக்க வெச்ச மகராசன்!"

"சும்மா இரு சாகோ. அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். அன்னிக்குக் கூட்டத்துல நான் பேசறப்ப எழுதறத நிறுத்திட்டு பேனாவ மூடி வெச்சான். பாத்துட்டுத்தான் இருந்தேன்."

விசாரணை அதிகாரியான பெண்மணி ஒலிவாங்கியை அன்செல்மோ பக்கம் திருப்பிவிட்டார். "வாசிங்க. பதிவாயிட்டா மாத்த முடியாது."

"குடியிருப்போர் தலைவி திட்டத்தை வரவேற்றுப் பேசினார்..."

அன்செல்மோ தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அதிகாரியைப் பார்த்தான். ஒர்லாந்தோ இருமினார். "ம்... மேல வாசி."

"இது நான் எழுதினது, அம்மா. அவங்க இப்படிப் பேசல. வந்திருந்தோம்னு போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. ஜனங்களக் கேக்காம கட்டினா கட்டடம்தான் நிக்கும், ஊர் நிக்காது."

"உக்காருடா!" என்று எழுந்து கத்தினார் ஒர்லாந்தோ.

"நீங்க உக்காருங்க" என்றார் அதிகாரி அவரிடம். பிறகு அன்செல்மோவைப் பார்த்து, "அவங்க என்னதான் பேசினாங்க?"

அன்செல்மோ தாளைக் கவிழ்த்து வைத்தான். கூட்டத்தன்று ஒர்லாந்தோ வருகைத் தாளைத் தூக்கிக் காட்டி, எல்லாரும் சம்மதித்தாயிற்று என்று அறிவித்ததும் இராய்தா எழுந்ததைச் சொன்னான். கூட்டம் முடியுமுன் அவள் கடைசியாக, உண்மையில் சொன்னது இதுதான்:

"ஐயா, நாங்க கையெழுத்துப் போட்டது சோத்துக்கு, வீட்டுக்கு இல்ல. வீட்டக் கேக்கணும்னா வெறுங்கையோட ஒவ்வொரு வாசலுக்கும் வந்து நின்னு கேளுங்க. மாட்டேன்னு சொன்னா, அதையும் எழுதிக்கிட்டுப் போங்க."