கருத்தரங்கக் கூடத்துக்குப் போன ஏசி

சர்வர் அறையில் இரண்டு ஏசிகள் இருந்தன. அதில் ஒன்றைக் கழற்றிக் கருத்தரங்கக் கூடத்தில் மாட்டச் சொன்னவர் இயக்குநர். வரப்போகும் விருந்தினர்களுக்கு வேர்க்கக் கூடாதாம். அன்றைக்கே அந்த அறையின் பொறுப்பாளர் கடிதம் எழுதினாள். ஆய்வு நிலையத்தில் எல்லோருக்கும் அவள் 'சர்வர் அக்கா'. நாற்பது சர்வர்கள் கக்கும் சூட்டுக்கு ஒரு ஏசி பத்தாது, அதுவும் நின்றால் கதை முடிந்தது என்று எழுதியிருந்தாள். பதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது கடிதங்களில் 'பார்த்தேன்' என்று ஒரு கிறுக்கல் மட்டும் வந்தது. ஆய்வுத் தகவலுக்கு இன்னொரு நகல் எடுத்து வைக்க இரண்டாவது சேமிப்புப் பெட்டி கேட்டுப் போன வருஷம் அவள் அனுப்பிய கோப்பும் அவர் மேசையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மிச்சமிருந்த ஏசியும் நின்றது. செல்பேசியில் எச்சரிக்கை வந்தபோது அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலோடு விட்டுவிட்டு ஓடினாள். போய்ச் சேர நாற்பது நிமிஷம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு சர்வராக நிறுத்தினாள். அதற்குள் தகவல் இருந்த ஒரே சேமிப்புப் பெட்டியில் நான்கு டிஸ்க்குகள் செத்திருந்தன. இரண்டு போனால் மீட்கலாம். நான்கு போனால் கைகழுவ வேண்டியதுதான்.

உள்ளே இருந்தது காசநோய் ஆராய்ச்சி. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை முந்நூறு நோயாளிகளின் சளியிலிருந்து எடுத்து, அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சேர்த்து வைத்திருந்தாள் ஓர் ஆய்வாளர். நான்கு வருஷ உழைப்பு. திங்கட்கிழமை காலை விஷயத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாதிரி மிச்சம் இருக்குமே, மறுபடி படிக்கலாமில்ல?" என்றாள் சர்வர் அக்கா.

"இருநூத்தி எழுபது பேரோடது இருக்குக்கா. முப்பது பேரோடது தீந்துபோச்சு. திரும்பப் போய்க் கேக்கவும் முடியாது. அவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல."

புதன்கிழமை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். ஒரு தாளை நகர்த்தி வைத்தார்.

"கவனக்குறைவால நடந்ததுன்னு எழுதியிருக்கேன். சும்மா ஒரு சம்பிரதாயம்தான். கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

"யாரோட கவனக்குறைவு சார்?"

"ரூம் உங்க பொறுப்புதானே?"

"ரூம் என் பொறுப்பு. அதுல இருந்த ஏசி யார் பொறுப்பு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு விருந்தினர் வராங்க. அதுக்குள்ள முடிச்சுடுங்க."

அவளுக்குக் காது மடல்கள் கொதித்தன. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பஸ் ஓட்டும் கணவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "போட்டுத் தொலைச்சுடேன், வேலைக்கு ஆபத்து வந்துடப் போகுது" என்றான்.

"பிரேக் சரியில்லைன்னு மூணு தடவை எழுதிக் கொடுக்கறீங்க. யாரும் கண்டுக்கல. பஸ் போய் மோதுது. தப்பு என்னோடதுன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

அவன் கை தட்டிலேயே நின்றது. "கடிதம் நகல் வச்சிருக்கியா?"

"மூணும் இருக்கு."

"அப்ப போடாத."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவள் எலக்ட்ரீஷியனையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு கருத்தரங்கக் கூடத்துக்குள் நுழைந்தாள். மேடையில் இயக்குநர் நிலையத்தின் கணினி வசதிகளைத் திரையில் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்த சத்தத்தில் பேச்சு நின்றது.

"என்னம்மா பண்றீங்க?"

"என் ரூம் ஏசிய எடுத்துட்டுப் போக வந்திருக்கேன் சார். நீங்க பேசுங்க." எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, கழட்டுங்க."

எலக்ட்ரீஷியன் ஒரு கணம் இயக்குநரைப் பார்த்தார், பிறகு ஏறினார். முதல் வரிசையில் இருந்த மருத்துவமனைத் தலைமை டாக்டர் எழுந்தார். அந்த முந்நூறு பேரிடமும் சம்மதம் வாங்கி மாதிரி எடுத்துக் கொடுத்தவர் அவர்; முப்பது பேருடையது திரும்பி வராது என்று ஆய்வாளர் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "எதுக்கு இது?" என்று கேட்டார். அவள் கடித நகல்கள் மூன்றையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் இயக்குநரைப் பார்த்து, "அந்த முப்பது குடும்பத்துக்கும் நீங்க வந்து சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

ஒழுங்கு மீறியதாக அவளுக்கு நோட்டீஸ் வந்தது. இயக்குநர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் இரண்டாவது நகலுக்கு வழி செய்யாதவரை இனி ஒரு மாதிரிகூடத் தரமாட்டோம் என்று மருத்துவமனை எழுதிவிட்டது. பத்தாவது நாள் புதிய சேமிப்புப் பெட்டி வந்து இறங்கியது.

"வந்துடுச்சே தங்கச்சி, இன்னும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பத்தே நாள்ண்ணா. பத்து நாள்ல வர்ற பொருளுக்கு ஒரு வருஷம் கெஞ்சியிருக்கேன்" என்றாள். பெட்டியைச் சுற்றியிருந்த அட்டையை ஆத்திரத்தோடு பிடித்து இழுத்தாள். அது நீளமாகக் கிழிந்து வந்தது.