கருகிய ஓரம்

பெரியண்ணன் க்ளிமென்டைப் புதைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அவன் நாற்காலியை அப்பா காலால் சின்னண்ணன் கல்தெரிக் பக்கம் தள்ளினார்.

"உட்காருடா. இனி நீதான் எரேவு."

எரேவு என்றால் மூத்த மகன். கட்டலோனியாவில் வீடு, காடு, பன்றி எல்லாம் அவனுக்கு. மற்றவர்கள் வீட்டை விட்டுப் போகலாம். அல்லது கலியாணமே இல்லாமல் அவனுக்கு உழைத்துச் சாகலாம். போவதாகத்தான் இருந்தோம். திங்கட்கிழமை பார்சிலோனா நெசவாலைக்கு: கல்தெரிக், அவன் காதலி ரோசர், நான்.

துக்கத்துக்கு வந்த நோட்டரி பன்றிக்காதைச் சப்பினார்.

"மூத்தவனுக்கே சொத்துங்கிறதைக் காஸ்டில்காரன் மயொராஸ்கோங்கிறான். இத்தாலிக்காரன் மஜ்ஜொராஸ்கோ. பிரெஞ்சுக்காரன் மஜோரா. எந்த வாயில சொன்னாலும் மூத்தவன்தான்!" கொழுப்பு அவர் தாடையில் வழிந்தது.

"ரோசருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்பா," என்றான் கல்தெரிக்.

"பிரிகிடாதான் இருக்காளே. பழகின மாட்டை யாராவது வெளியே ஓட்டுவானா?"

பிரிகிடா க்ளிமென்டின் மனைவி. சூப்புச் சட்டியோடு அருகிலேயே நின்றிருந்தாள். நோட்டரி சிரித்தார். அவள் முதல் கரண்டியைக் கல்தெரிக்கின் தட்டில் ஊற்றினாள். காலை வரை அவனுக்கு ஊற்றுவது கடைசியில்தான்.

கல்தெரிக் எழுந்துவிடுவான் என்று காத்திருந்தேன். அந்த நாற்காலியைப் பற்றி வைக்கோல் பரணில் படுத்துக்கொண்டு அவன் சொன்ன கெட்ட வார்த்தைகள் கொஞ்சமா?

"அண்ணே, திங்கக்கிழமை போறோம்தானே?" என்றேன்.

அவன் ரொட்டியை எடுத்தான். எரேவுதான் வெட்ட வேண்டும். கத்தி முனையால் அடியில் சிலுவை கீறினான். நடுவிலிருந்த வெள்ளைத் துண்டுகள் அப்பாவுக்கும் நோட்டரிக்கும் தனக்கும். கருகிய ஓரத்தை என் பக்கம் எறிந்தான், க்ளிமென்ட் எங்கள் இருவருக்கும் எறிந்ததைப் போலவே, முகத்தைப் பார்க்காமல்.

"ரோசருக்கு யார் சொல்றது?" என்றார் அப்பா.

"நார்சிஸ் போவான்." வாய் நிறைய ரொட்டியோடு என்னைக் கத்தியால் காட்டினான்.

எழுந்து கோட்டை மாட்டினேன்.

"போறதுதான் போற, வர்ற வழியில பன்றிக்குத் தண்ணி காட்டிட்டு வா," என்றான் எரேவு.

"நீங்களே காட்டுங்க, எஜமான்."

கருகிய ஓரத்தை அவன் சூப்பில் போட்டுவிட்டு மலைப்பாதையில் இறங்கினேன். ரோசரின் வீடு பாதி வழியில் இருந்தது. பார்சிலோனா அதற்கும் அப்பால்.