மருந்து அடிச்சியா இல்லியா

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் காய் வாங்கவே தெரியவில்லை என்பது பாக்கியநாதனின் தீர்மானம். விசாரணை மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதுபோல் நடத்துகிறார்கள். எந்த ஊர், என்ன உரம், யார் தோட்டம்? அத்தனையும் கேட்டுவிட்டுக் கடைசியில் வறுவல் பாக்கெட்டை வாங்கித் தின்றுகொண்டே போகிறார்கள்.

மணவாள நகர் சர்ச்சில் அன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து ஏலம் களைகட்டியிருந்தது. காணிக்கையாய் வந்த பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் ஜனங்கள் முண்டியடித்துக் கேட்டார்கள். மைக் பிடித்திருந்த சாம்சனுக்குத் தொண்டை கட்டியிருந்தாலும் குஷி குறையவில்லை.

பாக்கியநாதனின் கண் அதிலெல்லாம் இல்லை. மகள் மெர்சியின் கத்திரிக்காய்க் கூடையிலேயே இருந்தது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு வேலை பார்த்தவள், நீண்ட லீவு போட்டுவிட்டு, பக்கத்திலேயே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இயற்கை விவசாயம் என்று இறங்கிவிட்டாள். லீவு இன்றோடு முடிகிறது. கம்பெனி கேன்டீனை நடத்தும் ஆசீர்வாதம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். காயைப் பார்த்து அவருக்குப் பிடித்தால் தினமும் அவளிடமே எடுத்துக்கொள்வதாய்ச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் நாளைக் காலை அவள் மறுபடியும் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறவேண்டியதுதான்.

"அடுத்து நம்ம மெர்சி சிஸ்டர் கூடை!" என்று சாம்சன் குரல் கொடுத்தான். "சுத்தமான இயற்கைக் காய்! சொட்டு மருந்து கூட அடிக்காதது! கேளுங்க, கேளுங்க!"

மெர்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூட்டம் கூடையைச் சுற்றி மொய்த்துவிட்டது.

எதிர் வீட்டுக் குணசுந்தரி ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அவள் முகம் கோணியது.

"இன்னாடி மெர்சி, ஒரு ஓட்டை கூட இல்ல? சொத்தை இல்லாத இயற்கைக் காய நான் பார்த்ததே இல்லியே!"

"அக்கா, பூச்சி புடிக்கப் பொறி வெச்சிருக்கேன். புழு பூந்து வாடுன கொழுந்த கையாலயே கிள்ளிப் போட்டுக்கினே இருக்கேன். அப்புறம் எப்டி புழு வரும்?"

"கிள்ளுனா புழு போயிடுமா? யாருக்குக் காது குத்துற?"

கூட்டம் சிரித்தது. மெர்சியின் முகம் சிவந்தது. ஆசீர்வாதம் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவர் மெர்சியைக் கேட்கவில்லை. நேரே பாக்கியநாதனிடம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்த சர்ச்சுல அல்லாருக்கும் தெரியும். உங்க பொண்ணு மருந்து அடிக்குதா இல்லியா?"

"அடிக்குதே!" என்றார் பாக்கியநாதன், யோசிக்கக்கூட இல்லாமல். "முதுகுல டேங்க்க மாட்டிக்கினு அடிக்கிறத என் கண்ணால பார்த்தேன்."

அவ்வளவுதான். ஏலம் சந்தைக்கடை ஆயிற்று. "ஐயையோ!" என்றது ஒரு குரல். "கோயில்லயே பொய்யா?" என்றது இன்னொன்று. சாம்சன் மைக்கை வாயில் வைத்தபடியே "அடப்பாவமே" என்றது காம்பவுண்டு முழுக்கக் கேட்டது.

"நைனா!" மெர்சி அலறினாள். "அது வேப்பெண்ணெய்! சோப்புத் தண்ணில கலந்து அடிச்சேன்!"

"எண்ணெயோ தண்ணியோ, அதுல பூச்சி சாவுதா இல்லியா?" என்றார் பாக்கியநாதன்.

"ஓடிரும். சிலது சாவும்."

"அப்ப அது மருந்துதானே? கொசு மருந்து, எலி மருந்து, செடி மருந்து... வேற இன்னா பேரு வெப்பாங்க?"

"ரசாயனம் போடலன்னுதான் சாம்சன் கிட்ட சொன்னேன். அவருதான் மருந்தே இல்லன்னுட்டாரு!"

"அவரு சொன்னத அப்பிடியே உட்டியே நீயும்!"

மெர்சி சாம்சனை முறைத்தாள். ஆத்திரத்தில் கூடையிலிருந்து ஒரு காயை உருவினாள். "விஷம்னு தானே சொல்றீங்க? இதோ, பச்சையா தின்னு காட்றேன்!"

அவள் கடிக்கப் போன நேரத்தில் பாக்கியநாதன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"கழுவுடி மொதல்ல! சாணி கரைச்சு ஊத்துன செடி! சாணில இல்லாத கிருமியா?" யாருடைய தண்ணீர் பாட்டிலையோ பிடுங்கி, காயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வேட்டித் தலைப்பில் துடைத்துக் கையில் கொடுத்தார். "இப்ப தின்னு."

மெர்சி ஒரு கடி கடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்று விழுங்கினாள். கூட்டம் விசிலடித்தது. முதலில் சிரித்தது ஆசீர்வாதம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்கிட்ட காய் கொண்டு வர்றவன் அல்லாரும் 'ஒண்ணுமே அடிக்கல சார்'னு சத்தியம் பண்றான். ஒண்ணுமே அடிக்காம எப்பிடிரா வெளஞ்சுதுன்னா முழிக்கிறான். இன்னா அடிச்சீங்க, எப்படி கழுவணும்... ரெண்டையும் இந்தக் குடும்பம்தான் சொல்லுது. கேன்டீன்ல ஒருத்தனுக்கு வயித்து வலி வந்தா கம்பெனிக்காரன் என் சட்டையத்தான் புடிப்பான். எனக்கு ரெண்டும் தெரியணும்." மெர்சியைப் பார்த்து விரலை நீட்டினார். "இன்னா அடிச்சாலும் அன்னிக்கே எனக்குச் சொல்லிரணும். சம்மதம்னா நாளைக்கே லோடு எறக்கு."

மெர்சி போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பின. குணசுந்தரியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். குணசுந்தரியும், எதற்கென்று யோசிக்காமலே, சேர்ந்து குதித்தாள்.

சாம்சனுக்கு உயிர் வந்துவிட்டது. "கேளுங்க! வேப்பெண்ணெய் மருந்து அடிச்ச, கழுவித் தின்னவேண்டிய கத்திரிக்காய்! ஒரு தரம்!" நாலாபக்கமும் கைகள் உயர்ந்தன. சொத்தை இல்லை என்று முகம் கோணிய குணசுந்தரிதான் எல்லாரையும் முந்திக்கொண்டு கத்தினாள்.

ஆரவாரம் அடங்குமுன் மெர்சி மூச்சிரைக்க அப்பாவிடம் ஓடிவந்தாள்.

"இப்பவாச்சும் ஒத்துக்க நைனா. கடைக் காய விட நம்முது நல்லதுதானே?"

"நல்லதுன்னு யாரு சொன்னா? அந்த ஆளு வாங்கிக்கிறேன்னுதான் சொன்னாரு. இத்தினி வருஷமா கடைக் காயத்தான் தின்னேன். நான் செத்தா போயிட்டேன்?"

"கடைக்காரன் இன்னா அடிச்சான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனால அவனயும் நம்பல."

"அப்ப என்னிய?"

"உன்னிய நம்புறேன். உன் எண்ணெயத்தான் நம்பல. கசக்குறது அல்லாம் நல்லதுன்னு எந்த ஆண்டவரு சொன்னாரு?"

"நைனா, சாப்பாடு போடறாங்க! எங்க போற?"

அவர் கையை மட்டும் பின்னால் ஆட்டிவிட்டு, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். பின்னால் சாம்சன் "மூணு தரம்!" என்று கத்தினான். பாக்கியநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. "மருந்து மருந்துதான்" என்று முனகிக்கொண்டே நடந்தார்.