ஒஸ்தா வீட்டு உரல்

ஆஸ்பத்திரி விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்த அமராவதி, பிள்ளைக்குக் கீழே மடித்து வைத்திருந்த துணியை மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது. நேற்று மாலைக்குப் பிறகு குழந்தை ஒரு சொட்டு மூத்திரம் பெய்யவில்லை. முக்கி முக்கி அழுது தொண்டை கட்டிப்போய், இப்போது வெறுமனே முனகிக்கொண்டிருந்தது.

தாதி நேசமலர் வந்து பார்த்தாள். குறியின் நுனித்தோல் ஒட்டிச் சிவந்து வீங்கியிருந்தது. சண்டை தொடங்கிய பிறகு டொக்டர் இந்தப் பக்கம் வரவேயில்லை. வவுனியா ரோட்டும் பூட்டு. பச்சைக் குழந்தையில் கத்தி வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

“சுன்னத்து மாதிரித்தான், தோலை வெட்டிவிட்டால் சரி. சோனக ஆக்களிலை இது செய்யாத ஆம்பிளைப் பிள்ளையே இல்லை. எங்கட சனத்திலை வெட்டத் தெரிஞ்ச ஆள் ஒருத்தருமில்லை, தம்பி.”

பக்கத்தில் நின்ற அமராவதியின் புருசன் ஆண்டியப்பனுக்குக் காசிம் ஒஸ்தாவின் ஞாபகம் வந்தது. சுன்னத்து வைப்பதுதான் அவர் தொழில். அவர் தோட்டத்தில் அவன் கூலிக்கு மிளகாய் பிடுங்கிய நாளில், முற்றத்து உரலைக் கவிழ்த்து அதன்மேல் பையன்களை உட்காரவைத்து அவர் வெட்டுவதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்திருக்கிறான். பையன் வாயைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கூலிக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சிரித்தவன்தான்.

“ஒஸ்தா வீட்டுப் பக்கம் போயிட்டு வாறேன்.”

போன ஐப்பசியில் இயக்கம் துவக்கோடு வந்து முஸ்லிம்களான சோனகர்களை எல்லாம் ஊரைவிட்டுத் துரத்தியது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சைக்கிளை எடுத்தான். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை.

முல்லைத்தீவு ரோட்டில் மூச்சிரைக்க மிதித்துப் போனான். ஒஸ்தா வீட்டுக் கூரையில் ஓடு இல்லை. கதவையும் நிலையையும் யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். உரல் மட்டும் முற்றத்தில் கவிழ்ந்தபடியே கிடந்தது.

“ஒஸ்தா” என்று கூப்பிட்டான். ஆளில்லாத வீட்டைப் பார்த்துக் கூப்பிட வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் கூப்பிட்டான்.

திரும்பி வந்தபோது அமராவதி அதே வாங்கில் இருந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. சைக்கிளின் ஆளில்லாத பின் கரியரைத்தான் பார்த்தாள். மடியில் குழந்தை முனகலையும் நிறுத்தியிருந்தது.

அவள் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதும் காய்ந்துதான் கிடந்தது.