பீரோவிலிருந்து வந்த நூல்

“ஒரு முழம் நூல்கூட வாங்காம, ரெண்டே நாள்ல, மூணாவது மாடியிலேருந்து தரையத் தொடுற மஃப்ளர் பின்னினவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான் மச்சான்!”

மச்சான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தன் தங்கையை, அதாவது மாப்பிள்ளையின் மனைவியை, கண் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். தான் அளக்காத எதையும் நம்பமாட்டார். சூரியன் கிழக்கே உதிப்பதையே சந்தேகத்தின் பலனை அளித்துத்தான் விட்டு வைத்திருந்தார்.

“மூணாவது மாடியெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? நாற்காலியிலேருந்து தரையத் தொட்டா போதும், கை தட்டிடறேன்.”

ஜம்பமெல்லாம் வாயோடு சரி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற மாப்பிள்ளை பீரோவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

பொழுது போகாமல் மனைவியின் குரோஷா பின்னும் கொக்கி ஊசியைப் பிடித்தவர் அவர். அவள் கற்றுக்கொடுத்தது நாலங்குலப் பட்டை ஒன்றுதான்: எட்டுக் கண்ணி போ, திரும்பு, எட்டுக் கண்ணி வா. லிஃப்ட் போய் வருகிற மாதிரியே இருந்ததால் உடனே பிடிபட்டது. அகலமாக்கத் தெரியாது, முடிச்சுப் போட்டு நிறுத்தவும் தெரியாது.

அவள் கண் ஆபரேஷனுக்குப் போன காலையில், பீரோ இடுக்கில் ஒரு நூல் நுனி ஊசியோடு தொங்கியது. உள்ளே நூல் உருண்டை இருக்கும் என்று இழுத்தார். தண்ணீர் போல வந்தது. ஆகா, என்ன சுகம்! சாப்பாட்டை மறந்தார், செய்தித்தாளை மறந்தார், குளிக்கவும் மறந்தார்.

மறுநாள் மத்தியானம் நூல் சிக்கியது. பீரோவைத் திறந்தார். உருண்டையைக் காணோம். மகளுக்காக மனைவி ஆறு மாதமாகப் பின்னிய போர்வை, கடைசி முடிச்சுக்குக் காத்திருந்த போர்வை, இரண்டடி குறைந்து கிடந்தது. இவர் பின்னப் பின்ன அது அவிழ்ந்திருக்கிறது. ஒரு பக்கம் லிஃப்ட் பெட்டி ஏறினால் மறுபக்கம் எதிர் எடை இறங்கும் என்பதை வைத்தே முப்பத்தோரு வருஷம் பிழைத்தவருக்கு இது தோன்றவே இல்லை!

புது வேலைக்காக மகள் நாளைக்குக் குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறாள். மனைவி ஒரு மாதம் ஊசியைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நடு மாடியில் நின்ற லிஃப்டிலிருந்து எத்தனையோ பேரை மீட்டவர் இப்போது தானே உள்ளே மாட்டிக்கொண்டார். அழுத்துவதற்கு ஓர் அபாய மணிகூட இல்லை.

மனைவி கண் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, பீரோவிலிருந்து எடுக்கச் சொன்ன போர்வையைத் தடவினாள்.

“என்னங்க, குட்டையா இருக்கு?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “திட்டிடும்மா, தாங்கிக்கறேன்” என்றார்.

அவள் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“முதல்ல அந்த நூலை வெட்டுங்க, இன்னும் அவிழ்ந்துகிட்டே இருக்கு.”

வெட்டினார். தடவித் தடவியே இரண்டு நுனியையும் அவள் முடிச்சிட்டாள்.

“எத்தனை அடி பின்னியிருக்கீங்க?”

“முப்பது இருக்கும்.”

“முப்பது இருந்தா, அஞ்சஞ்சு அடியா ஆறு மடிப்பு. பக்கத்துல பக்கத்துல வச்சு சாதா ஊசியால நீங்க ரெண்டு பேரும் தைச்சா போன ரெண்டடி திரும்பிடும். இல்லேன்னா புள்ளைக்குக் கால் குளிரும்.”

மச்சான் சிரித்தார். “இவர் சொல்ற முப்பது, அளந்தா பன்னிரண்டு. இந்த மூணாவது மாடிப் பால்கனி தரையிலேருந்து சரியா முப்பதடி, வீடு பார்க்க வந்தப்பவே அளந்துட்டேன். தொங்க விடுங்க, நான் கீழ போறேன்.”

லிஃப்ட் ஓடவில்லை. “மெக்கானிக் வீட்டு லட்சணம்!” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

மஃப்ளர் இரண்டாவது மாடி ஜன்னலைத் தாண்டியது. முதல் மாடிக் கொடியில் காய்ந்த சட்டையை உரசிக்கொண்டு போனது. கையில் இருந்த சுருள் மெலிய மெலிய மெக்கானிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குனிந்தார். கடைசி நுனி மட்டும் விரலில் மிஞ்சியது.

“மச்சான்… தொடுதா?”

மச்சான் குனிந்தார். தரைக்கும் மஃப்ளருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், அதுவும் நுழையவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்து, தெருவே கேட்கும்படி கத்தினார்:

“தொடுது மாப்பிள்ளை! என் கால் மேலயே கிடக்கு. நிஜம்தான், நிஜம்தான். தைக்கிற ஊசியைத் தயாரா வைங்க, நானும் வர்றேன்!”