நாங்க, நாம

சின்னக்கா பரணிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்து உதறியபோது மாது அதை உடனே அடையாளம் கண்டுகொண்டான். வீட்டுக்கு ஒன்றாக டாக்டர் சாமண்ணா கொடுத்த துணி. அவர் போன மாதம் மைசூரில் காலமான செய்தியைச் சொல்லத்தான், மாது அரூரில் பஸ் இறங்கி மலையடிவாரத்து இந்த ஊருக்கு வெயிலில் நடந்து வந்திருந்தான். கேட்டதும் சின்னக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு வந்தவனுக்குத் தண்ணீர் தரவில்லையே என்று எழுந்தாள்.

பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, அதன் வாயில் துணியைக் கட்டி, லோட்டாவில் மெல்ல ஊற்றினாள். யுத்தத்தில் துணிக்குப் பஞ்சம். அவள் மகள் கருப்பியின் பாவாடை ஒட்டு மேல் ஒட்டாக இருந்தது. இந்தத் துணியை மட்டும் யாரும் தொடவில்லை. மாதுவுக்குப் பெருமையாக இருந்தது. அய்யா பாடுபட்டது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நரம்புச் சிலந்தி என்னும் புழு மனிதன் காலுக்குள் எப்படிப் போகிறது என்று ஆராயவே அவர் இந்தப் பக்கம் வந்தார். கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் பூச்சியோடு அது வயிற்றுக்குள் போகிறது; துணியில் வடித்தால் பூச்சி தங்கிவிடும். மற்ற ஊர்களில் ஜனங்கள் தண்ணீரில் கால் வைக்காதபடி கிணற்றுப் படிகளை மூடினார்கள். இங்கே கிணற்றைச் சுற்றிலும் இறங்கிப் போகும் பாறை, அடைக்க முடியாது; துணியை விட்டால் வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்த மாதுவைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியில் அந்தப் பூச்சியைக் காட்டி, வேலையும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எடுபிடியையும் 'நீங்க' என்றே கூப்பிட்ட மனிதர்.

ஜனங்களிடம் அவரே பேசுவார். இடையில் ஆள் வைத்துக்கொள்ளமாட்டார். கன்னடம் கலந்த தமிழ்தான், ஆனாலும் எல்லாம் வந்தது. 'நாம' மட்டும் வாயில் நுழையவில்லை. கன்னடத்தில் 'நாம', 'நாங்க' இரண்டுக்கும் ஒரே சொல்லாம்; எதற்கும் 'நாங்க'தான். "மாது, நாங்க சாப்பிடப் போகலாமா?" என்பார். அப்படியானால் நான் பட்டினியா என்று மாது உள்ளுக்குள் சிரிப்பான். அரூர் காப்பிக்கடையில் அதை அவர் குரலிலேயே பேசிக் காட்டுவான். கடையே சிரிக்கும். ஒருநாளும் அவரிடம் திருத்திச் சொன்னதில்லை. பெரிய மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்று. சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்துச் சிரிப்பது என்பதும் இருந்தது.

தண்ணீரை வாங்கிக் குடித்தான். அப்போதுதான் கருப்பி பானைக்குள் கொட்டாங்கச்சியை விட்டு, அப்படியே மொண்டு குடித்ததைப் பார்த்தான். அவள் கணுக்காலில் ஒரு குச்சி கட்டியிருந்தது. புண்ணிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த புழு வெள்ளை நூல்போல அதில் சுற்றியிருந்தது.

"அவளுக்கு ஏன் வடிக்கல?"

சின்னக்கா விளங்காமல் பார்த்தாள். "அது அய்யாவுக்குன்னு வெச்ச துணிங்க. இப்ப நீங்க வந்தீங்க, உங்களுக்கு. 'நாங்க துணியில வடிச்சுத்தான் குடிக்கோணும்'னு அவரே சொன்னாருங்களே. அவங்க மடி ஆசாரமோ என்னமோ. எங்க கையால குடிச்சாரே, அதே பெருசுங்க."

மாதுவுக்கு எல்லாம் புரிந்தது. கடைசியாக வந்தபோது, இந்த ஊரில் மட்டும் நோய் குறையாததைக் கண்டு கிணற்றடியில் நின்று, "மாது, நாங்க எங்கே தப்பு பண்ணிட்டோம்?" என்று அவர் கேட்டிருந்தார். குரலில் அவ்வளவு சோர்வு. அன்றும் சிரிப்பை அடக்கிக்கொள்ள இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சின்னக்கா, நாமதான் வடிச்சுக் குடிக்கோணும்."

"நாமன்னா?"

"நீங்க, நான், இந்தப் புள்ள. எல்லாரும். அவரு அதைத்தான் சொன்னாரு. அந்த வார்த்தை அவருக்கு வராது."

அவள் கருப்பியின் காலைப் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீங்க அவரு பக்கத்துலதானுங்களே நின்னீங்க?"

மாது லோட்டாவைக் கீழே வைத்தான். கருப்பி மறுபடியும் பானைக்குள் கையை விட்டாள். சின்னக்கா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல், மற்றக் கையால் சொம்பின் வாயிலிருந்து ஈரத் துணியை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது.