இம்பெல்லரும் கேசிங்கும்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவருக்குப் பெருந்துறையில் ஒரு புருஷன் இருந்திருக்க மாட்டார். எனக்கு இருந்தார், ஜாவித். நான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில், அவர் பெருந்துறையில் இன்னொன்றில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடித்தனம்.

அந்த ஞாயிறுகளில் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினோம். அது பம்புக்கு நூறு வடிவங்களை உண்டாக்கி, மோசமானதைத் தள்ளி, நல்லதிலிருந்து அடுத்த தலைமுறையை எடுக்கும். உள்ளே சுழலும் இம்பெல்லர் என் பாகம். அதைச் சுற்றியிருக்கும் கேசிங் அவர் பாகம். இரண்டும் பொருந்தினால்தான் தண்ணீர் ஏறும்.

அவர் வழியில், ஒன்று மாறும்போது மற்றது அசையாமல் நிற்கும். பிறகு அதன் முறை. ஆமை வேகம். என் வழியில் இரண்டும் ஒரே நேரத்தில் மாறும், ஒவ்வொன்றும் மற்றது போன தலைமுறையில் இருந்தபடியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. பாதி நேரத்தில் முடியும். சில சமயம் பொருந்தாமல் போகும். சில சமயம்தானே என்று மல்லுக்கு நிற்பேன். அவர் சிரிப்பார்.

எனக்கு அந்த மனுஷர் தினமும் வேண்டும். வேலை விட்டு வந்தால் வாசலில் அவர் செருப்பு கிடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அவரிடம் மூச்சு விடாமல் பெருந்துறையில் வேலை தேடி, ஒரு வருஷம் விலகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை சேர்ந்தேன். சாயங்காலம் பையோடு அவர் வாடகை அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது.

"ஏனுங்க அம்மணி, அவரு காலைலயே ரூமைக் காலி பண்ணிப்போட்டு கோயமுத்தூரு போயிட்டாருங்களே" என்றார் வீட்டுக்காரம்மா ராசாத்தாள்.

போன் செய்தேன். கணபதியில் எங்கள் வீட்டிலிருந்து பேசினார். அங்கே ஒரு கம்பெனியில் அன்றுதான் சேர்ந்தாராம். அவரும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாராம். எனக்குச் சொல்லாமல் வந்து நிற்க வேண்டுமென்று ஆசையாம். ஆயுசில் ஒரே ஒரு தடவை என் வழியில் போயிருக்கிறார், பாவி மனுஷர்.

இன்னும் ஒரு வருஷம். அழுதுவிட்டேன். இப்போதே பஸ் ஏறி வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் ரிஃபானா. நானும் கெளம்பிட்டா வழியில மாறிப்போயிருவோம். நீ அசையாம அங்கயே இரு. நான் வாரேன்."

இரண்டு மணி நேரப் பயணம். பூட்டிய கதவுக்கு எதிரே பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ராசாத்தாள் உள்ளே வந்து காபி குடிக்கச் சொன்னார். அசைய மாட்டேன் என்றேன்.